டிராஃப்டில் விடுபட்ட ஜெரமி லின் 12 நாளில் நட்சத்திரமானது எப்படி?

கேள்வி இதுதான்: 2010-ல் என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத, அடுத்தடுத்து இரண்டு அணிகள் கழற்றிவிட்ட ஜெரமி லின், 2012 பிப்ரவரியில் எப்படித் திடீரென்று நட்சத்திரமானார்? அது வெறும் அதிர்ஷ்டம்தானா? திறமை என்றால் ஏன் நீடிக்கவில்லை?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லின்னிடம் ஒரு குறிப்பிட்ட திறமை முன்பே இருந்தது. அந்தத் திறமையை அப்படியே பயன்படுத்தும் ஆட்டமுறையும், அதை ஆட ஆளில்லாமல் காலியாகக் கிடந்த இடமும் நியூயார்க் நிக்ஸ் அணியில் ஒரே வாரத்தில் கூடிவந்தன. நீடிக்காததற்கும் இதுவே விளக்கம். திறமை போய்விடவில்லை, அந்தப் பொருத்தம் கலைந்துவிட்டது. பிறகு உடம்பும் ஒத்துழைக்கவில்லை.

முதலில் டிராஃப்டில் ஏன் விடுபட்டார் என்பது. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் ஆண்டுத் தேர்வுதான் டிராஃப்ட். 30 அணிகள் இரண்டு சுற்றில் வழக்கமாக மொத்தம் 60 பேரை எடுப்பார்கள். 2010 ஜூன் 24 அன்று அந்த 60 பெயர்களில் லின் இல்லை. பெற்றோர் தைவானிலிருந்து வந்து குடியேறியவர்கள். இவர் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் வளர்ந்தவர். பள்ளி அணித் தலைவராக 2005-06 பருவத்தில் 32 வெற்றி, 1 தோல்வி. மாநில இறுதிப் போட்டியில் நாடறிந்த மேட்டர் டே பள்ளியை 51-47 என்று வீழ்த்தினார்கள். இப்படிப்பட்ட பையனுக்கு முதல்நிலைக் கல்லூரிகள் ஒன்றுகூட விளையாட்டு உதவித்தொகை தர முன்வரவில்லை. ஹார்வர்டில் சேர்ந்தார். அது ஐவி லீக் என்ற பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்தது, அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது.

ஹார்வர்டில் நான்கு ஆண்டில் 1,483 புள்ளி, 487 ரீபவுண்ட் (தவறிய எறிதலைப் பிடிப்பது), 406 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடை போடப் பந்து கொடுப்பது), 225 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது). இந்த நான்கையும் சேர்த்து இந்த அளவுக்கு எட்டியவர் ஐவி லீக் வரலாற்றில் அதற்கு முன் இல்லை. ஆனால் அணிகளின் தேர்வாளர்கள் இரண்டு காரணம் சொல்லிக் கழித்தார்கள்: எதிரணிகள் பலவீனமானவை, பையனுக்கு வேகமும் உடல்வலுவும் போதாது. முதல் காரணத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஐவி லீக்கிலிருந்து என்பிஏ-வுக்குப் போனவர்கள் மிகக் குறைவு. ஹார்வர்டிலிருந்து 1954-க்குப் பிறகு ஒருவருமே இல்லை. அப்படியானால் ஐவிக்கு வெளியே அவர் ஆடிய ஆட்டங்களைப் பார்த்திருக்க வேண்டும். 2009 டிசம்பரில் பலம்வாய்ந்த கனெக்டிகட் அணிக்கு எதிராக 30 புள்ளி எடுத்தார். கடைசிப் பருவத்தில் இரண்டு புள்ளி எறிதல்களில் ஏறத்தாழ 60 சதவீதம் உள்ளே போயின. பந்தைக் கொண்டுவரும், உயரம் குறைந்த ஆட்டக்காரரான கார்டுக்கு இது அசாதாரணமான எண். மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே நுழைந்து, தன்னைவிட உயரமானவர்கள் கை நீட்டும்போதும் முடித்துக்காட்ட முடிகிறது என்பதற்கு அதுவே சான்று. ஸ்டீல்களும் அதையே சொல்கின்றன. காலில் வேகம் இல்லாதவன் நான்கு ஆண்டில் 225 பந்துகளைப் பறிக்க முடியாது.

இரண்டாவது காரணத்தில் இனப் பார்வை கலந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. லின்னும் பின்னாளில் தொலைக்காட்சிப் பேட்டியில் இதை வெளிப்படையாகச் சொன்னார். ஆசிய முகத்தைப் பார்த்ததும் 'உழைப்பாளி, புத்திசாலி' என்று எழுதுவார்கள். 'வேகமானவன்' என்று எழுதமாட்டார்கள். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் பொது மேலாளர் டேரில் மோரி வைத்திருந்த புள்ளியியல் கணிப்பு லின்னை உயர்வாக மதிப்பிட்டிருந்தது. இருந்தும் அவரே அதை நம்பித் தேர்ந்தெடுக்கவில்லை. இதை மோரியே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

டிராஃப்டில் விடுபட்டால் ஒரு சிறு வசதி உண்டு: எந்த அணியுடனும் பேசலாம். டல்லாஸ் அணி லாஸ் வேகாஸ் கோடை ஆட்டங்களுக்கு அழைத்தது. அங்கே வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தில், அந்த ஆண்டு முதலாவதாகத் தேர்வான ஜான் வாலை நேருக்கு நேர் சந்தித்து, 13 புள்ளி எடுத்தார். அதில் பெரும்பகுதி இரண்டாம் பாதியில். அந்த ஓர் ஆட்டம் சொந்த ஊர்ப்பக்க அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் ஒப்பந்தத்தை வாங்கித் தந்தது. ஆனால் முதல் பருவத்தில் 29 ஆட்டம், சராசரி 2.6 புள்ளி. மூன்று முறை இரண்டாம் நிலை லீக்கிலுள்ள ரீனோ அணிக்கு அனுப்பப்பட்டார். அங்கே 20 ஆட்டத்தில் சராசரி 18 புள்ளி எடுத்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2011 கோடையில் உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஊதியத் தகராறு வந்து லீக்கே டிசம்பர் வரை மூடிக்கிடந்தது. அந்த மாதங்களை லின் பயன்படுத்திய விதம்தான் இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி. எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியில் 110 பவுண்டிலிருந்து 231 பவுண்டுக்குப் போனார். புல்-அப் 12-லிருந்து 30 ஆனது. நின்ற இடத்திலிருந்து குதிக்கும் உயரம் மூன்றரை அங்குலம் கூடியது. பந்தெறியும் முறையையும் மாற்றி அமைத்தார். பிப்ரவரியில் ஊர் பார்த்தது முந்தைய ஆண்டு கோல்டன் ஸ்டேட்டில் இருந்த அதே உடம்பை அல்ல.

அதன்பின் நடந்தது வேகமாக நடந்தது. டிசம்பர் 9 அன்று வாரியர்ஸ் விடுவித்தது. வேறொரு அணியின் சென்டர் (கூடையடியில் ஆடும் உயரமானவர்) டிஆண்ட்ரே ஜோர்டனுக்குப் பெரிய தொகை கொடுக்க, ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் வரம்பில் இடம் தேவைப்பட்டது. ஜோர்டனோ வரவே இல்லை. மூன்று நாளில் ஹூஸ்டன் எடுத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவர்களும் விடுவித்தார்கள். டிசம்பர் 27-ல் நிக்ஸ் எடுத்தது, அதுவும் இமான் ஷம்பர்ட் காயப்பட்டதால். ஜனவரி 17-ல் மறுபடியும் கீழ்நிலை லீக், ஈரி பேஹாக்ஸ் அணி. மூன்று நாள் கழித்து அங்கே 28 புள்ளி, 11 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிப்ரவரி 10 தாண்டினால் அந்தப் பருவத்தின் முழுச் சம்பளமும் உறுதியாகிவிடும். அதற்குள் விடுவித்துவிட்டால் அணிக்கு மிச்சம். சம்பளம் ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கும் கீழே, லீக்கின் அடிமட்டம். சொந்த வீடு பிடிக்கவில்லை. அண்ணன் வீட்டு சோபாவில் தூங்கினார்; முதல் பெரிய ஆட்டத்துக்கு முந்தைய இரவு சக ஆட்டக்காரர் லாண்ட்ரி ஃபீல்ட்ஸின் சோபா.

இனி நிக்ஸ் பக்கம். அந்த அணியில் பந்தை ஏந்தி ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு இல்லை, இதுதான் அடிப்படை. சென்டர் டைசன் சாண்ட்லரை வாங்கப் பணம் ஒதுக்குவதற்காக, டிசம்பரில் அனுபவசாலி சான்ஸி பில்லப்ஸை விடுவித்துவிட்டார்கள். அவருக்குப் பதிலாக நம்பிய பேரன் டேவிஸ் முதுகுக் காயத்தில் இருந்தார். பயிற்சியாளர் மைக் டான்டோனியின் ஆட்டமுறையோ முழுக்க முழுக்கப் பாயிண்ட் கார்டை நம்பியது. ஃபீனிக்ஸில் இதே முறையில்தான் ஸ்டீவ் நாஷ் 2005, 2006 என இரண்டு முறை லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். நிக்ஸ் 8 வெற்றி, 15 தோல்வி என்று தவித்தது. பிப்ரவரி 2, 3, 4 என்று மூன்று இரவு தொடர்ந்து ஆட்டம். ஆட்கள் களைத்துப்போய், வேறு வழியில்லாமல் நான்காம் தேதி நியூ ஜெர்சி நெட்ஸுக்கு எதிராக லின்னை இறக்கினார்கள். 25 புள்ளி, 7 அசிஸ்ட், வெற்றி.

அடுத்த ஆட்டத்தில் முதல்முறையாக ஆரம்ப ஐவரில் இடம்: யூட்டாவுக்கு எதிராக 28 புள்ளி. வாஷிங்டனில் 23 புள்ளி, 10 அசிஸ்ட். பிப்ரவரி 10, நிக்ஸின் சொந்த அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனில் லேக்கர்ஸுக்கு எதிராக 38 புள்ளி. லேக்கர்ஸ் நட்சத்திரம் கோபி பிரயன்ட் எடுத்தது 34. சம்பளம் உறுதியாகும் அதே தேதியில் இந்த ஆட்டம் அமைந்தது. பிறகு மினசோட்டா, டொரோன்டோ, சாக்ரமென்டோ. மொத்தம் தொடர்ச்சியாக ஏழு வெற்றி. நிக்ஸ் 15-15 என்று சமநிலைக்கு வந்தது. ஆரம்ப ஐவரில் இறங்கிய முதல் ஐந்து ஆட்டங்களில் 136 புள்ளி. 1976-ல் என்பிஏ-வோடு அதன் போட்டி லீக் இணைந்ததற்குப் பிறகு ஷக்கீல் ஓ'நீல் உட்பட வேறு யாரும் தம் முதல் ஐந்தில் இவ்வளவு எடுத்ததில்லை.

எப்படி எடுத்தார்? பிக் அண்ட் ரோல் என்ற ஒரே ஒரு ஆட்டத்தைப் புரிந்துகொண்டால் போதும். லின் நடுக்கோட்டுக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் இடையே பந்தைத் தட்டிக்கொண்டு வருவார். சாண்ட்லர் மேலே ஏறிவந்து லின்னைக் காப்பவரின் வழியில் சுவர்போல் நிற்பார், இது ஸ்கிரீன். இங்கே செய்ய வேண்டியது, தன் தோள் சாண்ட்லரின் இடுப்பை உரசும்படி ஒட்டிக் கடப்பது. இடையில் ஓர் அடி இடைவெளி விட்டாலும் காப்பவர் அதில் நுழைந்து வந்துவிடுவார். லின் இடைவெளி விடமாட்டார்.

கடந்ததும் பெரும்பாலானோர் கூடையை நோக்கி முழு வேகத்தில் ஓடுவார்கள். லின் செய்தது வேறு. வேகத்தைச் சட்டென்று குறைத்து, துரத்தி வருபவரைத் தன் முதுகுக்குப் பின்னால் மாட்டவைத்துக்கொள்வார். அவர் தாண்டவும் முடியாது, தள்ளினால் தவறு. இப்போது எதிரணி சென்டர் ஒருவர், இவர்கள் இருவர். சென்டர் லின்னைத் தடுக்க ஏறி வந்தால், கூடைக்கு ஓடும் சாண்ட்லருக்கு உயரத்தில் பந்து போகும். அந்தப் பருவத்தில் சாண்ட்லரின் எறிதல்களில் 67.9 சதவீதம் உள்ளே போனது, லீக்கிலேயே முதலிடம். சென்டர் பின்வாங்கினால், லின்னின் வெடிப்பான முதல் இரண்டு அடி வேலை செய்யும்: நேராகக் கூடை, அல்லது 15 அடியிலிருந்து ஓர் எறிதல். ஓரத்திலிருந்து மூன்றாவது ஆள் உதவிக்கு உள்ளே வந்தால், அவர் விட்டுவந்த இடத்தில் ஸ்டீவ் நோவாக் நிற்பார். மூன்று புள்ளி எறிதலில் அந்தப் பருவம் 47.2 சதவீதம், அதுவும் லீக்கில் முதலிடம். எதிரணி எதைச் செய்தாலும் ஒரு கதவு திறந்திருக்கும். எந்தக் கதவு என்பதை அரை வினாடியில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கும் கண் லின்னிடம் இருந்தது.

இதில் இன்னொரு சூழலும் உதவியது. பெரிய நட்சத்திரங்கள் இருவரும் அந்த வாரத்தில் இல்லை. அமாரே ஸ்டவுடமையர் அண்ணனின் மரணத்தால் நான்கு ஆட்டங்கள் வரவில்லை. கார்மெலோ ஆந்தனி யூட்டா ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே காயப்பட்டு வெளியேறினார். ஸ்டவுடமையரும் சாண்ட்லரும் கூடையடியில் ஒரே இடத்தைக் கேட்பவர்கள். ஆந்தனி பந்தைக் கையில் வாங்கி நின்று ஆடுபவர். இருவரும் இல்லாதபோது வழி திறந்தது, பந்தும் லின் கையிலேயே இருந்தது. இதைச் சொல்வது ஆந்தனியைக் குறை கூற அல்ல. நெட்ஸ் ஆட்ட இடைவேளையில் லின்னை அதிக நேரம் ஆடவிடச் சொன்னதே ஆந்தனிதான் என்று அப்போதே செய்தி வந்தது.

டொரோன்டோ ஆட்டத்தின் கடைசி நிமிடத்தைத் தனியாகப் பார்க்கலாம். 17 புள்ளி வரை பின்தங்கியிருந்த நிக்ஸ் நெருங்கி வந்தது. ஒரு நிமிடம் சொச்சம் மிச்சம் இருக்கும்போது லின் உள்ளே புகுந்து, தள்ளுமுள்ளில் கூடையும் போட்டு, கூடுதல் எறிதலும் போட்டு 87-87 ஆக்கினார். பிறகு ஷம்பர்ட்டின் எறிதல் தவறியது, சாண்ட்லர் பந்தை மீட்டார். டான்டோனி இடைநிறுத்தம் கேட்கவில்லை; கேட்டிருந்தால் எதிரணி காவலைச் சரிசெய்துகொண்டிருக்கும். லின் மற்றவர்களை ஒதுங்கச் சொல்லி, எதிரில் ஹோசே கால்டெரோனைத் தனியாக நிறுத்தி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்தே எறிந்தார். பந்து விழுந்தபோது கடிகாரத்தில் அரை வினாடி. 90-87. எதிரணி ரசிகர்களே எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள்.

களத்திலிருந்து வெளியே வந்தும் இதன் எடையைப் பார்க்கலாம். நியூயார்க்கில் டைம் வார்னர் கேபிளுக்கும் நிக்ஸ் ஆட்டங்களை ஒளிபரப்பும் எம்எஸ்ஜி தொலைக்காட்சிக்கும் கட்டணத் தகராறு. ஜனவரி 1 முதல் லட்சக்கணக்கான வீடுகளில் ஆட்டம் தெரியவில்லை. பிப்ரவரி 17-ல் தகராறு தீர்ந்தது. இந்தப் பையனைப் பார்க்க முடியவில்லை என்று ஊரே கேட்கும்போது இரு தரப்பும் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

சரி, எதில் இடறியது? பந்தை இழப்பதில். நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராகத் தொடர் முறிந்த ஆட்டத்தில் 26 புள்ளி எடுத்தாலும் 9 முறை பந்தை எதிரணியிடம் கொடுத்தார். பிப்ரவரி 23-ல் மயாமி ஹீட் மற்ற அணிகளுக்கெல்லாம் வழி காட்டியது. மாரியோ சால்மர்ஸும் நோரிஸ் கோலும் தங்கள் கூடையிலிருந்து வெகு தூரத்திலேயே லின்னை நெருக்கினார்கள். ஸ்கிரீன் வந்த கணத்தில் சென்டர் பின்வாங்காமல், இருவராகச் சேர்ந்து லின் மேல் பாய்ந்தார்கள். அதுவும் வலக்கைக்காரரான அவரை இடப்பக்கமாகத் தள்ளி. 11 எறிதலில் 1, பந்து இழப்பு 8. இப்படி இருவர் பாயும்போது மாற்று வழி ஒன்றுதான்: இருவரும் நெருங்கி முடிப்பதற்குள் பந்தை நடுவில் நிற்கும் சென்டருக்குக் கொடுத்து, அவர் நான்குக்கு மூன்று என்ற நிலையில் முடிவெடுக்க வேண்டும். சாண்ட்லர் உயரத்தில் பந்து வாங்கி முடிப்பதில் வல்லவர், நடுவில் வாங்கிப் பிரித்துக்கொடுப்பவர் அல்லர். ஆகவே அந்தக் கதவு மூடியே இருந்தது.

ஆந்தனி திரும்பியதும் பந்து இரண்டு கைகளுக்கிடையே பங்கானது. மார்ச் மாதத்தில் ஆறு தொடர் தோல்வி. மார்ச் 14-ல் டான்டோனி பதவி விலகினார். புதிய பயிற்சியாளர் மைக் உட்சன் ஆந்தனியைச் சுற்றி ஆட்டத்தை அமைத்தார். பத்து நாளில் லின்னின் இடது முழங்கால் சவ்வு கிழிந்து, பருவம் முடிந்தது. 35 ஆட்டம், அதில் 25 ஆரம்ப ஐவரில், சராசரி 14.6 புள்ளி, 6.2 அசிஸ்ட். அந்த மொத்த அலையும் இதற்குள் அடங்கியது.

நிக்ஸ் ஏன் அவரைத் தக்கவைக்கவில்லை என்பது கணக்கு. லீக்கில் இரண்டு ஆண்டு மட்டுமே ஆடியவருக்கு வெளி அணி முதல் ஆண்டில் 50 லட்சம் டாலருக்கு மேல் தர முடியாது, இரண்டாம் ஆண்டில் 4.5 சதவீதமே கூட்டலாம். ஆனால் மூன்றாம் ஆண்டில் தொகையைத் தாவவிடலாம். ஹூஸ்டன் அதைத்தான் செய்தது: 50 லட்சம், 52.25 லட்சம், பிறகு ஒரேயடியாகச் சுமார் 1.49 கோடி. சம்பள வரம்பில் இடம் வைத்திருந்த ஹூஸ்டனுக்கு இது ஆண்டுக்குச் சராசரி 84 லட்சம் டாலர் அளவில்தான் கணக்கில் ஏறும். அதே ஒப்பந்தத்தைத் தானே கொடுத்து அவரைத் தக்கவைக்க நினைத்தால் நிக்ஸுக்கு மூன்றாம் ஆண்டில் முழுத் தொகையும் ஏறும். சம்பளச் செலவுக்கு லீக் வைத்த வரி எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 1.50 டாலரில் தொடங்கிப் படிப்படியாக 3.25 டாலரும் அதற்கு மேலும் அபராத வரி சேரும். 2012 ஜூலை 17-ல் நிக்ஸ் விலகிக்கொண்டது. விற்ற சட்டைகளையும் ஒளிபரப்பையும் வைத்துப் பார்த்தால் அது தவறான முடிவு என்பதே என் கருத்து.

ஹூஸ்டனில் பருவம் தொடங்குவதற்குச் சில நாள் முன் ஜேம்ஸ் ஹார்டன் வந்து சேர்ந்தார். பந்து அவர் கைக்குப் போனது. லின் ஓரத்தில் நின்று எறிபவராக மாறினார். அது அவருடைய பலமே அல்ல. 2012 டிசம்பர் 10-ல் ஹார்டன் காயத்தால் வராத ஓர் இரவில், சான் அன்டோனியோவுக்கு எதிராக மறுபடியும் 38 புள்ளி எடுத்தார். திறமை எங்கும் போகவில்லை என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

2016-ல் புரூக்ளினில் மறுவாய்ப்பு வந்தது. நிக்ஸில் துணைப் பயிற்சியாளராக இருந்து அவரை அறிந்த கென்னி அட்கின்சன்தான் அங்கே தலைமைப் பயிற்சியாளர். முதல் பருவத்தில் தொடைத் தசைக் காயங்களால் 36 ஆட்டம்தான் ஆட முடிந்தது. 2017 அக்டோபர் 18, அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் சிப்பியின் தசைநாண் அறுந்தது. முதல் இரண்டு அடி வேகத்தை நம்பி ஆடுபவருக்கு இதைவிடக் கொடிய காயம் குறைவு. 2019-ல் டொரோன்டோவுடன் சாம்பியன் மோதிரம் வாங்கினார். அதை வாங்கிய முதல் ஆசிய அமெரிக்கர் அவரே, ஆனால் இறுதிச் சுற்றுகளில் ஆடியது சொற்ப நிமிடங்கள். என்பிஏ-வில் மொத்தம் 480 ஆட்டம், சராசரி 11.6 புள்ளி. டிராஃப்டில் விடுபட்டவருக்கு இது தோல்வி என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது. பிறகு பெய்ஜிங், குவாங்சோ, தைவான் என்று ஆடி 2025-ல் ஓய்வு பெற்றார்.

மற்றவர்களோடு ஒப்பிட்டால் படம் தெளிவாகும். டிராஃப்டில் விடுபட்டு மேலே வந்தவர்களில் பலர் காவலை நம்பி வந்தவர்கள். 1996-ல் விடுபட்ட பென் வாலஸ் நான்கு முறை சிறந்த காவல் ஆட்டக்காரர் விருது வாங்கினார். 2019-ல் விடுபட்ட லூ டார்ட்டும் அதே வழிதான். காவலுக்குப் பந்து தேவையில்லை, எந்த அணியிலும் பொருந்தும். லின்னின் திறமைக்குப் பந்து வேண்டும், பந்தோ சம்பளம் அதிகம் வாங்குபவர் கையில்தான் இருக்கும். டிராஃப்டில் பெயர் வந்தாலே போதும் என்றும் இல்லை: 2015-ல் 52-வதாக டல்லாஸ் தேர்ந்தெடுத்த நம் சத்னாம் சிங்குக்கு என்பிஏ-வில் ஓர் ஆட்டம்கூட வாய்க்கவில்லை.

இன்று ஒரு லின் வந்தால்? 2017 முதல் இருவழி ஒப்பந்தம் இருக்கிறது. இப்போது ஓர் அணி மூன்று பேரை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒருவர் 50 என்பிஏ ஆட்டம் வரை ஆடலாம், மீதி நாட்கள் கீழ்நிலை அணியில். ஈரியில் 28 புள்ளி எடுக்கும் பையனை அதே அணி தன் செலவிலேயே வளர்க்கும். பதினைந்து நாளில் இரண்டு அணிகள் தூக்கிப்போடும் நிலை முன்போல் எளிதில் வராது.